தடுமாறும் முன்னணித் தொழில்நுட்ப நிறுவனத்தை வகைப்படுத்துவது எப்படி?

2022 பிப்ரவரி 3-ஆம் தேதி, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு ஒரே நாளில் சுமார் 26 சதவீதம் சரிந்தது. 2024 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, கணினிச் சிப் தயாரிக்கும் இன்டெல்லின் பங்கும் ஒரே நாளில் ஏறத்தாழ அதே அளவு சரிந்தது. இரண்டும் தத்தம் துறையில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தவை. சரிவின் அளவை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஆனால் மெட்டாவுக்கு நேர்ந்தது வேறு, இன்டெலுக்கு நேர்ந்தது வேறு. அந்த வேறுபாட்டைக் கண்டறிவதைத்தான் இங்கே வகைப்படுத்தல் என்று சொல்கிறேன். தொழில்நுட்பப் பங்குகளில் புதிதாக முதலீடு செய்பவர்கள், முன்னணி நிறுவனம் ஒன்று தடுமாறும்போது வாங்குவதா விற்பதா என்று உடனே கேட்கிறார்கள். இந்த நிறுவனம் இனி எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. அந்த விடையை எட்டுவதற்கான வழியைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: விலையை ஒதுக்கி வையுங்கள்

பங்கு விலை, சந்தையின் எதிர்பார்ப்பு மாறியதைச் சொல்லும். நிறுவனத்தின் நிலை மாறியதா என்பதைச் சொல்லாது. மைக்ரோசாஃப்ட்டின் பங்கு 1999 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2016 அக்டோபரில்தான் மீண்டும் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் அந்த நிறுவனத்தின் ஆண்டு வருவாய், 2000 ஜூனில் முடிந்த நிதியாண்டின் சுமார் 2,300 கோடி டாலரிலிருந்து 2013 நிதியாண்டில் சுமார் 7,785 கோடி டாலராக வளர்ந்திருந்தது. விலையை மட்டும் வைத்து வகைப்படுத்தியிருந்தால், அலுவலகக் கணினிகளில் தன் பிடியைச் சற்றும் தளர்த்தாத ஒரு நிறுவனத்தை வீழ்ந்த நிறுவனம் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தவறாகக் குறித்து வைத்திருப்போம். உண்மையில் அங்கே சரி செய்யப்பட்டது 1999-இல் கொடுக்கப்பட்ட அதிக விலைதான். ஆகவே விலை வரைபடத்தை மூடிவிட்டு, ஆண்டறிக்கையையும் கடைசி எட்டு காலாண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இரண்டாம் படி: அது எவ்வகையில் முன்னணியில் இருந்தது?

முதலிடம் என்பது இரண்டு வகை. சில நிறுவனங்கள் தங்களுக்கே உரிய ஒரு தரநிலையை உருவாக்கி, மற்றவர்களை அதன்மேல் கட்ட வைத்து முதலிடத்தில் இருக்கின்றன. வேறு சில, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொதுவான தரநிலையில் மற்றவர்களைவிட அதிகமாக விற்று முதலிடத்தில் இருக்கின்றன. காம்பேக் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் தனிநபர் கணினி விற்பனையில் உலகின் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கணினியின் தரநிலை மைக்ரோசாஃப்ட், இன்டெல் ஆகியோர் கையில் இருந்தது. வாடிக்கையாளர் காம்பேக்கை விட்டு டெல்லுக்கு மாறினால், அவருடைய மென்பொருளும் கோப்புகளும் அப்படியே வேலை செய்தன. 2001-இல் டெல் முந்தியது; 2002-இல் காம்பேக் எச்பி நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

இதைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும். இந்த நிறுவனம் நாளைக்கே கடையை மூடிவிட்டால் வாடிக்கையாளர் இழப்பது விற்பனையாளரை மட்டுமா, தன் உழைப்பையும் சேர்த்தா? எழுதிய நிரல்கள், பயிற்சி பெற்ற ஊழியர்கள், சேர்த்து வைத்த தரவுகள், இணைந்திருக்கும் மனிதர்கள் ஆகியவற்றையும் சேர்த்து இழப்பார் என்றால், அது தரநிலையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம். அத்தகைய நிறுவனம் ஓரிரண்டு ஆண்டுகள் மோசமாகச் செயல்பட்டாலும் வாடிக்கையாளர்கள் பொறுத்திருப்பார்கள், வேறு வழி இல்லாததால். விற்பனையில் மட்டும் முதலிடம் வகிக்கும் நிறுவனத்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அது தடுமாறத் தொடங்கினால், முன்னணி நிறுவனம் என்ற அடையாளத்தை விரைவில் எடுத்துவிடுவதே முறை என்பது என் கருத்து.

மூன்றாம் படி: தடுமாற்றத்தின் காரணம்

காரணங்கள் பெரும்பாலும் நான்கில் அடங்கும்: துறை முழுவதையும் தாக்கும் தேவைச் சுழற்சி, நிறுவனம் தானாகவே தேர்ந்தெடுத்த மாற்றம், செயலாக்கத்தில் ஏற்பட்ட பிழை, காலடியில் களமே மாறிவிடுவது.

சுழற்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு, வலையமைப்புக் கருவிகள் விற்கும் சிஸ்கோ, 2001-இல். 2000-இல் உதிரிபாகங்களுக்குத் தட்டுப்பாடு நிலவியதால் சிஸ்கோ முன்கூட்டியே பெரிய அளவில் ஆர்டர் கொடுத்திருந்தது. பிறகு தொலைத்தொடர்பில் புதிதாக இறங்கிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாக, தேவை சட்டென்று நின்றது. 2001-இல் சுமார் 225 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நட்டமாக எழுதிக் கணக்கிலிருந்து தள்ள வேண்டியதாயிற்று. இருந்தும் நிறுவன வலையமைப்புகளுக்கான ஸ்விட்ச், ரவுட்டர் விற்பனையில் அதன் முதலிடம் பறிபோகவில்லை. அங்கே குறைந்தது தேவைதான்.

இதைக் கணக்கேட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. இருப்புநிலைக் குறிப்பில் உள்ள கையிருப்புச் சரக்கின் மதிப்பை, அந்தக் காலாண்டில் விற்ற பொருள்களின் அடக்கச் செலவால் வகுத்து, 90-ஆல் பெருக்குங்கள். கையில் எத்தனை நாள் விற்பனைக்கான சரக்கு இருக்கிறது என்பது கிடைக்கும். எட்டுக் காலாண்டுகளுக்கு இதை வரிசையாக எழுதுங்கள். பிறகு அதே கணக்கை நேரடிப் போட்டியாளர்கள் இருவருக்கும் போடுங்கள். மூவரிடமும் ஒரே சமயத்தில் சரக்கு தேங்கியிருந்தால் அது சுழற்சி. மற்ற இருவரிடமும் சரக்கு சீராக நகர, உங்கள் நிறுவனத்திடம் மட்டும் தேங்கியிருந்தால், வாடிக்கையாளர்கள் வேறு பக்கம் போகத் தொடங்கிவிட்டார்கள் என்று கொள்ள வேண்டும். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள்; அப்படி வளர்ந்தால், விற்பனை எண்ணைக் காப்பாற்றுவதற்காகக் கடன் தவணை தளர்த்தப்பட்டிருக்கக்கூடும்.

தானே தேர்ந்தெடுத்த மாற்றத்துக்கு அடோபி சான்று. பெட்டியில் வைத்து விற்ற மென்பொருளை அது சந்தா முறைக்கு மாற்றியபோது, 2012 நிதியாண்டில் சுமார் 440 கோடி டாலராக இருந்த வருவாய் 2013-இல் சுமார் 406 கோடியாகக் குறைந்தது. நிகர லாபம் சுமார் 83 கோடியிலிருந்து 29 கோடியாக விழுந்தது. எண்களை மட்டும் பார்த்தவர் இதை வீழ்ச்சி என்றே எழுதியிருப்பார். ஆனால் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மொத்தமாக வரவேண்டிய பணம் மாதாமாதம் வரத் தொடங்கினால் முதல் ஓரிரு ஆண்டுகளின் வருவாய் குறைந்தே தீரும். சந்தாதாரர் எண்ணிக்கை காலாண்டுக்குக் காலாண்டு உயர்ந்தபடி இருந்ததே இங்கே பார்க்க வேண்டிய சான்று. 2015-இல் வருவாய் சுமார் 480 கோடியைத் தொட்டது.

செயலாக்கப் பிழையையும் களமாற்றத்தையும் பிரித்தறிவதுதான் உண்மையில் கடினம். அதற்குத் தனிப் படியே வேண்டும்.

நான்காம் படி: புதிதாக வருகிறவர்கள் யாரிடம் போகிறார்கள்?

மொத்த வருவாய் பழைய வாடிக்கையாளர்களின் முடிவுகளைக் காட்டும்; அவை சில ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டவை. களம் மாறுகிறதா என்பதைப் புதிதாக வாங்க வருகிறவர்களே முதலில் காட்டுவார்கள். கைபேசி நிறுவனமான பிளாக்பெர்ரியின் கணக்கை இதற்காகவே ஒருமுறை உட்கார்ந்து படிக்கலாம். ஐஃபோன் 2007 ஜூனில் விற்பனைக்கு வந்தது. ஆப் ஸ்டோர் 2008 ஜூலையிலும், முதல் ஆண்ட்ராய்டு ஃபோன் அதே ஆண்டு அக்டோபரிலும் வந்தன. அப்போது ரிசர்ச் இன் மோஷன் என்ற பெயரில் இருந்த பிளாக்பெர்ரியின் ஆண்டு வருவாய், 2008 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் சுமார் 600 கோடி டாலர். 2011 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் அது சுமார் 1,990 கோடி. போட்டியாளர் சந்தைக்கு வந்த பிறகான மூன்று ஆண்டுகளில் வருவாய் மூன்று மடங்குக்கு மேல் பெருகியது. அடுத்த மூன்று ஆண்டுகளில், 2014 பிப்ரவரிக்குள், அது சுமார் 680 கோடியாகச் சுருங்கிவிட்டது.

வளர்ந்த அந்த மூன்று ஆண்டுகளில் எச்சரிக்கை எங்கே இருந்தது? புவியியல் வாரியான வருவாய்ப் பிரிவில் இருந்தது. புதிய தொழில்நுட்பத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் அமெரிக்கச் சந்தையில் அதன் பங்கு 2010-லேயே சரியத் தொடங்கிவிட்டது. மற்ற நாடுகளில் விரிவடைந்த விற்பனை அந்தச் சரிவை மொத்த எண்ணுக்குள் மறைத்தது. செயலிகளை எழுதுகிறவர்களும் தங்கள் புதிய படைப்புகளை ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் முதலில் கொண்டுவந்தார்கள். பிளாக்பெர்ரிக்கு அவை பிந்தி வந்தன, அல்லது வரவே இல்லை. அதன் விசைப்பலகையும் மின்னஞ்சலும் மோசமாகிவிடவில்லை. கைபேசியை எதற்காக வாங்குகிறோம் என்பதே மாறிவிட்டிருந்தது. இதுதான் களமாற்றம்.

ஆகவே, தடுமாறும் நிறுவனம் எதுவானாலும் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். புதிய தொழில்நுட்பத்தை முதலில் ஏற்கும் வாடிக்கையாளர் பிரிவில் அதன் பங்கு என்ன ஆகிறது? அதைச் சார்ந்து தொழில் செய்யும் வெளியாட்கள், அதாவது மென்பொருள் எழுதுகிறவர்களும் துணைப் பொருள்கள் செய்கிறவர்களும், தங்கள் அடுத்த உழைப்பை எங்கே செலவிடுகிறார்கள்? இளம் நிறுவனங்கள் தங்கள் முதல் அமைப்பை யாருடைய தரநிலைமேல் கட்டுகின்றன? மூன்றுக்கும் விடை போட்டியாளர் பக்கம் சாய்ந்திருந்தால், மொத்த வருவாய் வளர்ந்துகொண்டிருந்தாலும் அது களமாற்றமே. மூன்றிலும் நிறுவனம் நிலைத்திருந்து, பொருள் தாமதமாவதும் தரம் குறைவதும் மட்டுமே குறை என்றால் அது செயலாக்கப் பிழை.

இந்த அளவுகோலை மெட்டாவின்மீது வைத்துப் பார்ப்போம். 2021 கடைசிக் காலாண்டில் ஃபேஸ்புக்கின் அன்றாடப் பயனர் எண்ணிக்கை முதல்முறையாக ஒரு சிறிது குறைந்து 193 கோடிக்குச் சற்றுக் கீழே வந்தது. பங்கு சரிந்ததற்கு அது ஒரு காரணம். ஆப்பிள் தன் கைபேசிகளில் பயனரைப் பின்தொடர்வதற்குக் கட்டுப்பாடு விதித்ததால் 2022-இல் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் பாதிக்கப்படும் என்று நிறுவனமே சொன்னது இன்னொன்று. ஆனால் அடுத்தடுத்த காலாண்டுகளில் பயனர் எண்ணிக்கை தொடர்ந்து ஏறி, 2022 இறுதியில் 200 கோடியைத் தொட்டது. வருவாய் 2022-இல் ஒரு சதவீதம் குறைந்து, 2023-இல் 16 சதவீதம் உயர்ந்தது. மக்கள் வெளியேறவில்லை, அவர்களுக்கு விளம்பரத்தைக் கொண்டு சேர்க்கும் கருவி பழுதடைந்து, பின்னர் சரி செய்யப்பட்டது. டிக்டாக்கைக் காட்டி இதைக் களமாற்றம் என்று 2022 பிப்ரவரியில் குறித்தவர்கள், ஒரே ஒரு காலாண்டின் எண்ணை அளவுக்கு மீறி நம்பியவர்கள்.

ஐந்தாம் படி: நிறுவனத்தைப் பிரித்துப் பாருங்கள்

பெரிய நிறுவனத்துக்கு ஒரே வகை பொருந்துவது அரிது. இன்டெல் இதைத் தெளிவாகக் கற்றுத்தருகிறது. அதன் வருவாய் 2021-இல் சுமார் 7,900 கோடி டாலர், 2024-இல் சுமார் 5,310 கோடி. 2018-இல் 60 சதவீதத்தைத் தாண்டியிருந்த மொத்த லாப விகிதம் (வருவாயில் உற்பத்திச் செலவு போக மிஞ்சும் பங்கு) 2024-இல் 33 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. இந்த ஒற்றைச் சரிவுக்குள் நான்கு வெவ்வேறு கதைகள் இருக்கின்றன.

முதலாவது சிப் தயாரிப்பு. சிப்பின் நுண்பகுதிகளை மேலும் சிறிதாக்கும் 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் திட்டமிட்டதைவிடப் பல ஆண்டுகள் தாமதமாகி 2019-இல்தான் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. அதற்குள் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி முந்திவிட்டது. இது செயலாக்கப் பிழையாகத் தொடங்கியது. ஆனால் மற்றவர்களுக்காகச் சிப் தயாரிக்கும் தொழிலில் இன்டெல் எப்போதுமே முன்னணியில் இருந்ததில்லை. ஆகவே அந்தப் பிரிவை அறைகூவல் விடுக்கும் புதியவர் என்றே குறிக்க வேண்டும். 2024 முதல் இன்டெல் இந்தப் பிரிவின் கணக்கைத் தனியாக வெளியிடுகிறது. 2023-க்கான எண்களை அவ்வாறு பிரித்துக் காட்டியபோது, அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 700 கோடி டாலர் செயல்பாட்டு நட்டம் வெளியே தெரிந்தது. பிரிவு வாரியான கணக்கைப் படிக்காதவருக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

இரண்டாவது தனிநபர் கணினிகளுக்கான சிப். 2020-இல் ஆப்பிள் தன் கணினிகளில் சொந்தச் சிப்புக்கு மாறுவதாக அறிவித்தது பலத்த அடி. இருந்தாலும் விண்டோஸ் கணினிகளில் இன்டெல்லின் முதலிடம் தொடர்ந்தது. மூன்றாவது சர்வர் சிப். அங்கே இன்டெல்லின் தரநிலை முழுவதும் அதற்குச் சொந்தமானதாக இருக்கவில்லை. உரிம ஒப்பந்தத்தின் மூலம் போட்டிச் சிப் நிறுவனமான ஏஎம்டியும் அதே தரநிலையில் சிப் செய்ய முடிந்தது. அந்தத் தரநிலையின் 64-பிட் வடிவத்தை முதலில் கொண்டுவந்ததே ஏஎம்டிதான், 2003-இல். ஆகவே 2017-இல் ஏஎம்டியின் எபிக் சிப்புகள் வந்தபோது வாடிக்கையாளர்கள் தங்கள் மென்பொருளை மாற்றி எழுதாமலே நகர முடிந்தது. இரண்டாம் படியில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இன்டெல்லுக்கு எதிராக அமைந்தது. நான்காவது, செயற்கை நுண்ணறிவுக்கான கணினித் திறன். டேட்டா சென்டர்களின் புதிய செலவு என்விடியாவின் சிப்புகளுக்கும், அதன் குடா மென்பொருள் தளத்துக்கும் போனது. அங்கே நடந்தது களமாற்றம்.

எனவே இன்டெல் என்ற ஒரு பெயருக்கு எதிரே நான்கு வரிகள் எழுத வேண்டும். எந்த வரியிலிருந்து லாபம் வருகிறது, எந்த வரியில் முதலீடு கரைகிறது என்பதையும் பக்கத்தில் குறித்தால், நிறுவனத்தின் உண்மையான நிலை புலப்படும். 2021-இல் வந்த புதிய தலைமை நிர்வாகி 2024 டிசம்பரில் விலகியது போன்ற செய்திகளை வைத்து வகையை மாற்றாதீர்கள். ஐபிஎம் 1993-இல் வெளியிலிருந்து தலைவரைக் கொண்டுவந்து மீண்டது. நோக்கியா 2010-இல் அதையே செய்து, கைபேசிப் பிரிவை 2013-இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்கும் முடிவுக்கு வந்தது. தலைவர் மாற்றம் நோக்கத்தைக் காட்டும், சான்றாகாது.

ஆறாம் படி: வகையை எழுதி வையுங்கள்

இதுவரை திரட்டியதைக் கொண்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெயர் கொடுங்கள். தேவை குறைந்திருந்தாலோ தானே மாற்றத்தைத் தேர்ந்திருந்தாலோ அது தற்காலிகத் தடுமாற்றம். புதியவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்க, பொருள் மட்டும் பிந்தியிருந்தால் அது செயலாக்கச் சரிவு. இதற்குக் கால வரம்பு உண்டு, ஏனெனில் பிழை நீண்டால் போட்டியாளர் புதிய தரநிலையையே உருவாக்கிவிடுவார். புதியவர்கள் வேறு தரநிலைக்குப் போய், பழையவர்களும் பின்தொடர்ந்தால் அது ஆதிக்கம் பறிபோன நிறுவனம். புதியவர்கள் வராவிட்டாலும் பழையவர்கள் நகர முடியாமல் தங்கியிருந்தால் அது சுருங்கும் கோட்டை. ஐபிஎம்மின் பெருங்கணினி (மெயின்ஃபிரேம்) தொழில் கடைசி வகை. 1993-இல் அந்த நிறுவனம் சுமார் 810 கோடி டாலர் நட்டம் அடைந்த பிறகும், வங்கிகளும் அரசுத் துறைகளும் அந்தக் கணினிகளை விட்டுவிடவில்லை, இன்றும் பயன்படுத்துகின்றன. கடைசி இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பறிபோன ஆதிக்கத்தில் பணவரவு சில ஆண்டுகளில் வற்றிவிடும். சுருங்கும் கோட்டையில் அது பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே நியாயமான விலையும் இரண்டுக்கும் வேறு.

வகையின் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் வேண்டும். என்ன நடந்தால் இந்த வகை தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பது ஒன்று. அதற்கு எத்தனை காலாண்டுகள் காத்திருப்பேன் என்பது மற்றொன்று. "செயலாக்கச் சரிவு, அடுத்த தலைமுறைச் சிப் அறிவித்த காலாண்டில் வராவிட்டாலோ, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தன் புதிய அமைப்பைப் போட்டியாளரின் தளத்தில் கட்டத் தொடங்கினாலோ வகை மாறும், நான்கு காலாண்டுகள்" என்பதுபோலத் திட்டவட்டமாக எழுதுங்கள். "நிலைமை மேம்பட வேண்டும்" என்று எழுதினால் எந்தச் செய்தி வந்தாலும் அதற்கேற்ப வளைத்துக்கொள்ள மனம் இடம் கொடுத்துவிடும். ஏற்கெனவே பங்கை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனெனில் வாங்கிய விலை கண்முன் நிற்கும்போது எல்லாச் சரிவும் தற்காலிகமாகவே தோன்றும்.

ஏழாம் படி: இப்போது விலைக்குத் திரும்புங்கள்

ஒதுக்கி வைத்த விலை வரைபடத்தை இப்போது எடுக்கலாம். தற்காலிகத் தடுமாற்றமாக இருந்தால், பழைய லாபம் திரும்பும் என்று வைத்து இன்றைய விலையைக் கணக்கிடலாம். செயலாக்கச் சரிவுக்கு, மீள்வதற்கும் மீளாததற்கும் தனித்தனியாக ஒரு மதிப்புப் போட்டு, இடைப்பட்ட விலையில் மட்டுமே, அதுவும் சிறிய அளவில் வாங்க வேண்டும். ஆதிக்கம் பறிபோனதற்கு, பழைய லாபத்தோடு ஒப்பிட்டு மலிவு என்று சொல்லும் எந்தக் கணக்கையும் ஏற்காதீர்கள். அந்த லாபம் இனி வரப்போவதில்லை.

கணக்கேடு தானாகவே உண்மையைச் சொல்லும்வரை காத்திருக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். நோக்கியாவின் கைபேசித் தொழிலை 2014 ஏப்ரலில் வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், அதற்காகச் சுமார் 760 கோடி டாலரை 2015 ஜூலையில்தான் கணக்கிலிருந்து தள்ளியது. வாடிக்கையாளர்கள் அந்த முடிவை எடுத்து அதற்குள் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எல்லாப் படிகளையும் முடித்த பிறகும் சில நிறுவனங்கள் எந்த வகையிலும் அடங்காமல் நிற்கலாம். புதியவர்களின் போக்கு பாதி இங்கும் பாதி அங்குமாக இருக்கும். பிரிவு வாரியான கணக்கும் போதாது. அப்போது ஒரு பெயரை வலிந்து கொடுக்காமல், "வகை தெரியவில்லை" என்றே எழுதி, அடுத்த காலாண்டு அறிக்கை வரும் தேதியைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். பங்கு கையில் இருந்தால், அது முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கையில் இல்லாவிட்டால், அந்தத் தேதிவரை வாங்க வேண்டியதில்லை.